தோல் மறந்த மை

அத்தியாயம் 9

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த கந்தன், அதிலிருந்து எடுக்க மனமில்லாமல் குனிந்தே நின்றான்.

"என்ன தெரியுது?" என்றாள் ஷாஸியா.

"முந்தானை மாதிரி இருக்குது மேடம். உடம்பு பூரா வட்ட வட்டமா புட்டா. எந்தக் கடையில எடுத்தது?"

"அது கேன்சர், கந்தண்ணா."

சூடு பட்டவனைப் போலக் கந்தன் பின்னால் வந்தான். சொந்தமாக ஒரு ஆட்டோ, அடக்கமில்லாத ஒரு நாக்கு, இரண்டையும்தான் அவன் ஷாஸியாவின் துப்பறியும் நிறுவனத்துக்கு முதலீடாகக் கொண்டுவந்திருந்தான். சின்ன காஞ்சிபுரத்தில் மாடியில் ஒரு அறை, அதில் ஒரு மேஜை, அதுதான் நிறுவனம். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு முன்பே நிச்சயம் ஆகியிருந்ததா என்று விசாரித்துச் சொல்வது அவர்களின் அன்றாடப் பிழைப்பு. இந்த முறை விசாரிக்க வேண்டியது ஒரு சதைத் துண்டின் பூர்வீகத்தை.

விஷயம் சிக்கலில்லாததுதான். பயங்கரமானதும்கூட. ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் ஒரே நாளில் இரண்டு பேருக்கு இடது அக்குளில் இருந்த நெறிக்கட்டியை அறுத்து எடுத்தார்கள். ஒருவர் பெரிய காஞ்சிபுரத்து ஜரிகை வியாபாரி கௌஸ் பாஷா. மற்றவர் திருமுக்கூடல் விவசாயி அர்ஜுனன். இரண்டு கட்டிகளும் இரண்டு பாட்டில்களில், ஒரே பையில் பரிசோதனைக்கு வந்தன. வழியில் மூடி கசிந்து, ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டில் மை கரைந்து, இரண்டும் ஒரே அழுக்காகப் போயிருந்தன. கொண்டுவந்தவன் 'இது பாயுது, இது அர்ஜுனனுது' என்று கை காட்டினான். அப்படியே புதுச் சீட்டு ஒட்டினார்கள்.

பாய் பெயர் ஒட்டியதில் புற்றுநோய். அர்ஜுனன் பெயர் ஒட்டியதில் வெறும் வீக்கம்.

"இதோட போயிருந்தா யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது" என்றார் பரிசோதனைக்கூடத்து டாக்டர் பெரியநாயகி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். அவர் முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. "நான் எழுதின ஒரு வரி தான் எல்லாத்தையும் கிளப்பி விட்டுடிச்சு."

"எந்த வரி டாக்டர்?"

"இது ஃபாலிகுலர் லிம்போமா. நெறிக்கட்டில வர்ற புற்றுநோய்ல ஒரு வகை. ஒவ்வொரு செல்லும் தன் மேல சில அடையாளம் வச்சிருக்கும், மார்க்கர்னு சொல்றோம். சாயம் போட்டுப் பார்த்தா தெரியும். இந்த நோய்க்கு சிடி டென் இருக்கணும், இருக்குது. பிசிஎல் டூ இருக்கணும், அதுவும் இருக்குது. சிடி ஃபைவ் மட்டும் இருக்கக் கூடாது. அது வேற வகை நோயோட அடையாளம். ஆனா இதுல பளிச்சுன்னு இருக்குது."

"மாப்பிள்ளை வீட்டுக்காரன் பொண்ணு வீட்டு பேட்ஜைக் குத்திக்கினு பந்தில உக்காந்த மாதிரி" என்றான் கந்தன்.

"அப்படித்தான். ரெண்டு பேர் கட்டியும் கலந்துடிச்சோன்னு என் லேபையே சந்தேகப்பட்டேன். 'அடையாளங்கள் வழக்கத்துக்கு மாறாக உள்ளன, மாதிரி மாறியிருக்க வாய்ப்பு உண்டு'ன்னு எழுதிட்டேன். அப்புறம் நானே கட்டியை மறுபடி சீவி, மறுபடி சாயம் போட்டேன். அதே தான் வந்தது. ரெண்டும் கலந்துடல. அந்த செல்லே அப்படித்தான், அபூர்வமா இப்படி வரும். ஆனா இங்க வர்றதுக்கு முன்னாடி பாட்டில் மாறலைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"ரத்தத்தோட டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்க்கலாம் இல்ல?" என்றாள் ஷாஸியா.

"அர்ஜுனன் ரத்தம் கொடுத்திருக்காரு. ரிசல்ட் வர வாரக் கணக்குல ஆகும். பாய் ஒரு சொட்டு கூடக் கொடுக்க மாட்டேங்கிறாரு. இந்த நோய் பொதுவா நிதானமா வளரும். ஆனா சிடி ஃபைவ் சேர்ந்துக்கினா சில பேருக்கு அவசரப்படுதுன்னு சொல்றாங்க. யாருதுன்னாலும் சும்மா விட்டு வைக்கக் கூடாது."

சுவரோரம் நின்றிருந்த ஷமீம் பானு துப்பட்டா முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கௌஸ் பாஷாவின் ஒரே மகள். ஷாஸியாவைத் தேடி வந்து வழக்கைக் கொடுத்தவளும் அவள்தான். "டாக்டரே மாறியிருக்கலாம்னு எழுதிட்டாங்க, அப்போ என்னுது இல்லைன்னு சொல்லிக்கினு கடையில போய் உக்காந்துட்டாரு. அம்மா அந்த நோயில தான் போனாங்க. இப்போ ஆஸ்பத்திரின்னு வாயெடுத்தாலே எழுந்து போயிடறாரு. மாறிச்சா மாறலையான்னு மட்டும் கண்டுபிடிச்சிக் கொடுங்க அக்கா" என்று அன்று அழுதிருந்தாள்.

ஷாஸியா கண்ணாடித் துண்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "டாக்டர், நோயை விட்டுடுங்க. அதுக்குச் சம்பந்தமே இல்லாம, இந்தக் கட்டில வேற எதாவது கண்ணுல பட்டுதா?"

"சம்பந்தமில்லாமன்னா..." பெரியநாயகி யோசித்தார். "ஒரு ஓரத்துல கருநீலமா பொடி இருந்துது. பச்சை குத்தின மை. கையில குத்தினா மையில கொஞ்சம் உள்ள இறங்கி, அக்குள் நெறிக்கட்டில போய்த் தங்கிடும். அது ஆபத்தில்லை. அதனால நான் எழுதல."

"இன்னொரு கட்டில?"

"பொடி எதுவும் இல்ல. சுத்தமா இருந்துது."

ஷமீம் பானு சட்டென்று நிமிர்ந்தாள். "பச்சையா? எங்கள்ல யாரும் பச்சை குத்த மாட்டோம் அக்கா. அப்பா அஞ்சு வேளை தொழற மனுஷன். அப்போ இது அப்பாவுது இல்ல!" முகம் முழுக்கப் பரவிய சந்தோஷம் அடுத்த நொடியே அடங்கிவிட்டது. எங்கோ திருமுக்கூடலில் முகம் தெரியாத ஒரு மனிதனை நினைத்துக்கொண்டாள் போலும், வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பா உடம்புல வேற எந்த அடையாளமும் இல்லையா?"

"இடது கையில மேல ஒரு தழும்பு இருக்குது, தீப்பெட்டி சைஸ்ல. சின்ன வயசுல ஜரிகைக்கு வைக்கிற ஆசிட் கொட்டிடிச்சாம். அவ்ளோதான்."

"சரி. நீ வீட்டுக்குப் போ மா. நாங்க அர்ஜுனனைப் பார்த்துட்டு வந்துடறோம்."

வாலாஜாபாத் வழியாக ஆட்டோ பறந்தது. வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. பாலாற்று மணல் கண்ணில் பட்டதும் திருமுக்கூடல் வந்துவிட்டது.

அர்ஜுனன் வீட்டில் இல்லை. வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி செல்லியம்மாள் வாசலிலேயே ஷாஸியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லேப்ல இருந்து ஃபோன் பண்ணி, மாறியிருக்கலாம், ரத்தம் கொடுன்னு சொன்னாங்க மா. கொடுத்துட்டு வந்த நாள்ல இருந்து கிணத்து மேட்டுலயே உக்காந்துக்கினு இருக்காரு. தண்ணியையே பார்க்கறாரு. கூப்பிட்டா சிரிக்கறாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல மா."

கிணறு சுற்றுச்சுவர் இல்லாதது. விளிம்பில் துண்டை விரித்து, சட்டையில்லாமல், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார் அர்ஜுனன். இவர்களைப் பார்த்ததும் எழ முயன்று, பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார்.

கந்தனின் பார்வை நேராக அவர் கைக்குப் போனது. போன இடத்திலேயே உறைந்தது. முன்கையில் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பச்சைத் தேள்.

"யாருதுன்னு முடிவு ஆயிடிச்சா மா?" என்றார் அர்ஜுனன்.

"இன்னும் இல்லைங்க ஐயா. உங்களுதுன்னு நீங்களா ஏன் முடிவு பண்றீங்க?"

"அது அப்படித்தான் மா இருக்கும். ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. நல்லது எப்போ நம்ம பக்கம் வந்துது?" அவர் சிரித்தார். செல்லியம்மாள் சொன்ன அதே சிரிப்பு. "எங்க அண்ணனை நான் தான் ஆஸ்பத்திரில வச்சிக்கினு பார்த்தேன். அண்ணி பட்ட பாட்டைப் பார்த்தேன். எம் பொஞ்சாதி அதைப் பட வேணாம்."

ஷாஸியா சாதாரணமாகக் குனிந்தாள். "ஆபரேஷன் பண்ண இடம் ஆறிடிச்சா? காட்டுங்க."

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். தையல் போட்ட கோடு நன்றாகவே ஆறியிருந்தது. ஷாஸியா தலையை ஆட்டிவிட்டு, செல்லியம்மாளிடம் தன் ஃபோன் எண்ணைக் கொடுத்தாள். "அவரை விட்டு நகராதீங்க. எதுன்னாலும் உடனே கூப்பிடுங்க. இன்னிக்கே முடிவு சொல்றேன்."

திரும்பும் வழியில் கந்தன் ஹாரன் கூட அடிக்கவில்லை.

"என்ன, வண்டியில வேற யாரோ இருக்கிற மாதிரி இருக்குது? பேச்சையே காணோம்."

"என்னத்த பேசறது மேடம். தேள் கொட்டிடிச்சு. அந்த அம்மாகிட்ட எப்படிச் சொல்லப் போறோம்?"

"தேள் எந்தக் கையில?"

"வலது கையில. நல்லா பார்த்தேன்."

"கட்டி எடுத்தது?"

கந்தன் பிரேக்கை மிதித்ததில் பின்னால் வந்த டவுன் பஸ்காரன் அவன் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனான். "இடது! தூக்கிக் காட்டினது இடது கை!"

"வலது கை மை வலது அக்குளுக்குத் தான் போகும். இடது அக்குளுக்கு அது எப்படிப் போச்சு? உங்க ஆட்டோவுலயா?"

"அப்போ அந்தச் சுத்தமான கட்டி தான் அர்ஜுனனுது. மைப்பொடி இருக்கிறது..." கந்தன் திரும்பி அவளைப் பார்த்தான். "பாயுதா? பாய்க்கு ஏது மேடம் பச்சை? போன தடவை கடைக்குப் போனப்போ, தொழுகைக்கு முன்னாடி அவர் கை கழுவும்போது நானே பக்கத்துல நின்னேன். முழங்கை வரைக்கும் சட்டையைச் சுருட்டினாரு. ரெண்டு கையும் பளபளன்னு இருந்துது."

"முழங்கை வரைக்கும் தானே பார்த்தீங்க?" என்றாள் ஷாஸியா. "வண்டியை எடுங்க."

ஜரிகைக் கடையில் கூட்டமில்லை. கௌஸ் பாஷா மேஜைக்குப் பின்னால் ஜரிகை இழையைக் கறுப்பு உரைகல்லில் இழைத்து, சிறிய கண்ணாடிப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் ஜரிகையென்றால் கோடு பச்சையாகப் பொங்கிவிடும். இது பொங்கவில்லை. அவர் திருப்தியோடு புட்டியை மூடினார். அனல் வீசும் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பித்தான்.

"வா பேட்டி. நீயும் என் மக தான், உக்காரு. ஷமீம், சாய் கொண்டு வா" என்று உள்ளே குரல் கொடுத்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. "என்னுது இல்லைன்னு கண்டுபிடிச்சிட்டியா?"

"ஒரு சந்தேகம் சாச்சா" என்று சித்தப்பா முறை வைத்து அழைத்தாள் ஷாஸியா. "இந்த ஆசிட் கை தவறிக் கொட்டினா எங்க விழும்?"

"எங்க விழும்? மேஜையில விழும். தொடையில, கால்ல. ஏன்?"

"மேல்கையில விழுமா?"

கௌஸ் பாஷாவின் கை புட்டியின் மேலேயே நின்றுவிட்டது.

"அதுவும் சட்டைக்கு உள்ள, தீப்பெட்டி மாதிரி ஒரே அளவா? கொட்டின ஆசிட் ஓடும் சாச்சா. முழங்கை வரைக்கும் கோடு கோடா வழிஞ்சிருக்கும். பார்த்துப் பார்த்து ஊத்தினா தான் ஒரே இடத்துல நிக்கும்."

"யார் சொன்னாங்க உனக்கு இதெல்லாம்?" அவர் குரல் உயர்ந்தது. சாய் தம்ளர்களோடு வந்த ஷமீம் பானு வாசற்படியிலேயே நின்றாள்.

"யாரும் சொல்லல. உங்க கட்டி சொல்லிச்சு. அதுல பச்சை குத்தின மை இருக்குது. தோல்ல இருக்கிறதை எரிச்சிட்டீங்க. அதுக்கு முன்னாடியே கொஞ்சம் உள்ள இறங்கி அக்குள்ல போய் ஒளிஞ்சிக்கிச்சு. அர்ஜுனனோட இடது கையில ஒரு புள்ளி பச்சை கிடையாது."

"பொய். ஆசிட் கை தவறிக் கொட்டினது. எனக்கு ஒண்ணும் இல்ல." அவர் எழுந்துவிட்டார். "இந்த வீட்டுல ஒரு தடவை அந்த நோயைப் பார்த்தாச்சு. ஊசி ஊசின்னு ஷமீமோட அம்மா உடம்புல இடமே இல்லாம போயிடிச்சு. போதும் பேட்டி. நீ கிளம்பு."

ஷாஸியா கிளம்பவில்லை. அவள் கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. பெயரைப் பார்த்தவள், ஒரு கணம் தயங்கி, ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில், உரைகல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மா, நான் செல்லியம்மா பேசறேன்." குரல் அழுகையில் நனைந்திருந்தது. "விளிம்புக்கு ரொம்பக் கிட்ட போய் உக்காந்துட்டாரு மா. 'நீ வீட்டுக்குப் போ, நான் வந்துடறேன்'னு சொல்றாரு. நான் போக மாட்டேன்னு இங்கயே நின்னுக்கினு இருக்கேன். எதனா சொல்லுங்க மா. அது வேற ஆளுதுன்னு சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க!"

கந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அழுகையைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காது.

"நான் சொன்னா அவர் நம்ப மாட்டாரு சாச்சா" என்றாள் ஷாஸியா மெதுவாக. "உங்க கட்டியை அவர் சுமந்துக்கினு அங்க உக்காந்திருக்காரு."

கௌஸ் பாஷா மகளைப் பார்த்தார். பிறகு ஃபோனைப் பார்த்தார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, அதை எடுத்து வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"அம்மா, உன் வீட்டுக்காரர்கிட்ட ஃபோனைக் கொடு. காஞ்சிபுரத்துல இருந்து கௌஸ் பாஷா பேசறேன்."

மறுமுனையில் சரசரவென்று சத்தம். யாரோ மூச்சு விட்டார்கள்.

"அர்ஜுனா, கேக்குதா? அந்தக் கட்டி என்னுதுபா. டாக்டர் சொல்லல, லேப் சொல்லல, நான் சொல்றேன். அதுல என் அடையாளம் இருக்குது. எனக்கு மட்டும் தான் தெரியும். உன்னுது நல்ல கட்டி. அல்லாஹ் மேல ஆணை. எழுந்து பொஞ்சாதியோட வீட்டுக்குப் போ."

பிறகு அர்ஜுனனின் குரல் வந்தது. "பாய், அப்போ நீங்க?" என்று கேட்டது. அதற்குப் பின்னால் செல்லியம்மாள் ஓவென்று அழுவதும், இருவரும் எழுந்து நடப்பதும் கேட்டன.

கௌஸ் பாஷா ஃபோனை வைத்தார். மணிக்கட்டுப் பித்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைக்கும் மேலே, தோள் வரை சுருட்டினார். சதுரமாக, வெளுத்து, சுருங்கிப்போன தோல்.

"கொட்டிடிச்சின்னு தானே பா சொன்னே?" ஷமீம் பானு தம்ளர்களைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தாள்.

"கொட்டல. ஊத்திக்கினேன்." அவர் மகளைப் பார்க்காமல் தழும்பைப் பார்த்துப் பேசினார். "அஞ்சும்னு எழுதியிருந்துது. உங்க அம்மா பேரு. பெருமாள் கோயில் கருட சேவைக்கு வந்த ஒருத்தன் தெருவுல உக்காந்து பச்சை குத்திக்கினு இருந்தான். குத்திக்கினேன். நிக்காஹ் ஆனப்புறம் காட்டினேன். சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். அழுதா. இது பாவம், என் பேரால நீ பாவத்தைச் சுமக்கணுமான்னு அழுதா. மறு நாளே இங்க வந்து இந்தப் புட்டியை எடுத்து ஊத்திக்கினேன். அதுக்கும் அழுதா. முட்டாள் முட்டாள்னு திட்டிக்கினே மருந்து போட்டா. வெளியே சொல்லாதே, ரெண்டு பேருக்கும் மானம் போயிடும்னா. சொல்லல."

"நிக்காஹ்க்கு முன்னாடியே குத்திக்கினியா? பெரியவங்க பார்த்து முடிச்சதுன்னு தானே அம்மா சொல்லும்?"

"பெரியவங்க பார்த்தாங்க" என்றார் கௌஸ் பாஷா. "அதுக்கு முன்னாடி நாங்க பார்த்துக்கினோம்."

ஷமீம் பானு சிரித்தாளா அழுதாளா என்று கந்தனால் சொல்ல முடியவில்லை. வேறு நாளாயிருந்தால் இந்த இடத்தில் அவன் நாக்கு சும்மா இருந்திருக்காது. இன்று அது அசையவில்லை.

பாய் வெகு நேரம் உரைகல்லைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஷாஸியாவிடம் திரும்பினார். இத்தனை நாள் அவர் முகத்திலிருந்த பிடிவாதம் எங்கோ போயிருந்தது.

"பேட்டி, அந்த மை இன்னும் அந்தக் கண்ணாடியில இருக்குதா?"

"இருக்குது சாச்சா."

"பார்க்க விடுவாங்களா?"

"எழுத்தா இருக்காது. பொடிப் பொடியா தான் தெரியும்."

"பொடியா இருந்தா என்ன. தோல்ல இல்லைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவ இத்தனை வருஷமா கைக்கு அடியிலேயே இருந்திருக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஷமீம், செருப்பை எடு. லேபுக்குப் போலாம். ரத்தம் எடுக்கட்டும், ஊசி போடட்டும், என்ன வேணும்னாலும் பண்ணட்டும். அந்த டாக்டரம்மாகிட்ட மட்டும் மொதல்ல சொல்லிடு, அந்தக் கட்டி என்னுது. தவறிப்போய் வேற யார் பேர்லயாவது எழுதிடப் போறாங்க."